முதலில் எந்தச் சித்திரக்கதையைத் தருவது?

என்னிடம் சித்திரக்கதைப் புத்தகம் கேட்டு வருபவர்கள் நாற்பது வயதைக் கடந்தவர்களாக இருந்தால், அவர்கள் கடைசியாக எந்தக் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கேட்பவருக்கு அது தொடர்பில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் எங்கள் மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடியிலோ வந்தாறுமூலையிலோ வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஏதாவதொரு கோயில் வெளியிலோ, வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி அமர்ந்து கூத்துப் பார்த்த ஒருவருக்குச் சித்திரக்கதை வாசிக்கும் பயிற்சி ஏற்கெனவே கைவந்திருக்கிறது என்பது என் நம்பிக்கை. களரியில் காடும் இல்லை, அரண்மனையும் இல்லை. அரசனாக ஆடுபவர் களரியை ஒரு சுற்றுச் சுற்றி ஆடி வந்து நின்றால், அவர் நாட்டைக் கடந்து வனத்துக்கு வந்துவிட்டார் என்று பார்ப்பவர்கள் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட தூரத்தை ஆடியவர் காட்டவில்லை. பார்த்தவர்கள்தான் தம் மனத்துக்குள் அதை நடந்து முடிக்கிறார்கள். சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் அந்த ஒல்லியான வெள்ளை இடைவெளியில் நடப்பதும் இதுவே.

இந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்கிளவுட் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் கொமிக்ஸ்' என்ற நூலில் மிக அழகாக விளக்கியிருக்கிறார். அந்த நூலே முழுவதும் சித்திரக்கதையாக வரையப்பட்டது. ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேரத்து நகரமும் ஓர் அலறலும் மட்டுமே இருக்கின்றன. கோடரி விழுந்ததை ஓவியர் வரையவில்லை. எவ்வளவு பலமாக விழுந்தது, எங்கே விழுந்தது என்பதையெல்லாம் வாசித்தவரே தீர்மானித்தார் என்கிறார் மெக்கிளவுட். வரைந்தவரும் வாசிப்பவரும் சேர்ந்து செய்யும் வேலை இது என்பதை உணர்ந்துகொண்டவர், ஒரு புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டு "இது புள்ளையள் பாக்கிற பொத்தகம்தானே" என்று திருப்பித் தரமாட்டார். ஆகவே நான் எவருக்குப் புத்தகம் கொடுத்தாலும், முதல் முறை பேச்சுக் குமிழிகளை வாசித்துக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டாம் முறை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள் என்று சொல்லியே கொடுக்கிறேன். இரண்டாம் முறைதான் உண்மையான வாசிப்பு.

நான் சித்திரக்கதைக்குள் வந்தது அண்ணனின் புத்தகங்கள் வழியாக. சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டில் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. 1984ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அதனுடன் சேர்ந்துகொண்டன. அவற்றில் எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் மட்டை கிழிந்த பழைய பிரதிகள்தாம். ஓர் இதழ் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் போய், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் திரும்பி வரும். கதை எப்படி முடிந்திருக்கும் என்று நாங்களே பேசி முடித்துக்கொள்வோம். இரும்புக்கை மாயாவி, 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் என்பதும், அதை வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர் என்பதும் எனக்கு முப்பது வயதுக்குப் பின்னரே தெரியவந்தன. ஆய்வுகூட விபத்தொன்றில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து அந்தக் கை மட்டும் வெறும் வெளியில் மிதப்பதாகத் தெரிவான். மின்சாரமே இல்லாத வீட்டில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்துப் பயந்த பயம் இன்றும் எனக்குள் இருக்கிறது. பிளாஸ்கோவின் கறுப்பு மையின் ஆழத்தை இப்போது பார்க்கும்போது, அந்தப் பயம் முழுவதும் அவருடைய நிழல்களிலிருந்தே வந்தது என்று புரிகிறது.

சிறுவயதில் இவற்றை வாசித்துவிட்டு இடையில் விட்டுப்போனவர்களுக்கு, திரும்பி வருவதற்கு நான் காட்டும் வழி 'இரத்தப் படலம்'. பெல்ஜியத்தைச் சேர்ந்த கதாசிரியர் ஜான் வான் ஹாம், ஓவியர் வில்லியம் வான்ஸ் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் தொடரின் மூலப் பெயர் வெறுமனே பதின்மூன்று என்ற ரோம எண். கடற்கரையில் ஒதுங்கிய ஒருவனுக்குத் தான் யார் என்பது நினைவில்லை, தோளருகே அந்த எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் தொடக்கம். லயன் காமிக்ஸ் 2010ஆம் ஆண்டில் முதல் 18 பாகங்களையும் ஒரே தடித்த தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டபோது, அதைத் தூக்கிக்கொண்டு வாசிப்பதே ஒரு வேலையாக இருந்தது. இதற்கு அடுத்ததாக, இத்தாலியத் தொடர் நாயகன் டெக்ஸ் வில்லரை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை என்றாலும், மேற்கத்தியக் குதிரைவீரர் கதை கேட்பவர்களுக்கு நான் கேப்டன் டைகரையே கொடுப்பேன். பிரெஞ்சில் புளூபெரி என்ற பெயரில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் தொடரை வரைந்த ஜான் ஜிரோ, பாறையையும் புழுதியையும் வெயிலையும் மனிதர்களுக்கு நிகரான பாத்திரங்களாக்கியவர். டெக்ஸ் தோற்கமாட்டார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். டைகர் தோற்பார், அவமானப்படுவார், சீருடையைக்கூட இழப்பார். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை அரச படைகளுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மீண்டும் தொடங்கியபோது அண்ணனுக்கு 17 வயது. அவ்வருடம் முடிவதற்குள் அம்மா வயற்காணி ஒன்றை விற்று அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அவருடைய புத்தகப் பெட்டி வீட்டில் இருக்கவில்லை. பல வருடங்களுக்குப் பின், சுவிஸில் இருந்து அவர் அனுப்பும் பொதிகளில் உடுப்புகளுக்கு நடுவே கிராபிக் நாவல்கள் வரத் தொடங்கின. என் அலுமாரியில் இருப்பவற்றில் பாதி அப்படி வந்தவை. ஆகையால் இந்தப் பரிந்துரைகளில் பாதி அவருடையவை என்று கொள்ளலாம்.

அப்படி வந்தவற்றுள் ஒன்று மார்ஜான் சத்ராபியின் 'பெர்செபோலிஸ்'. 1969ஆம் ஆண்டில் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்த சத்ராபி, தன் சிறுபராயத்தையும் இளமையையும் 2000ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு மொழியில் 4 பாகங்களாக வரைந்தார். சாம்பல் நிறத்துக்குக்கூட இடமில்லாத தனிக் கறுப்பும் தனி வெள்ளையும் கொண்ட ஓவியம். புரட்சி, முக்காட்டுச் சட்டம், ஈராக்குடனான போர், குண்டு விழுந்த அயல்வீடு, சிறையில் பாண் துண்டால் அன்னப் பறவை செய்து கொண்டுவந்த மாமா ஆகிய எல்லாம் ஒரு சிறுமியின் கண் உயரத்திலிருந்து பார்க்கப்படுகின்றன. இந்த நூலைத் தமிழில் விடியல் பதிப்பகம் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற தலைப்பில் வெளியிட்டது என்பது, ஆங்கிலம் வாசிக்காத எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். எந்தச் சித்திரக்கதையை முதலில் வாசிப்பது என்று என்னிடம் கேட்கும் தாய்மாருக்கு வேறெதையும் நான் தருவதில்லை.

தமிழ்ப் பிரதியை என் அம்மாவுக்குக் கொடுத்தபோது, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அவர் அதை வாசிப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நான்கு நாட்களாகப் பின்னேரங்களில் திண்ணையில் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். முதற்பகுதியின் முடிவில் 14 வயது மார்ஜியைப் பெற்றோர் வியன்னாவுக்கு அனுப்புகிறார்கள். விமான நிலையத்தில் விடைபெற்று உள்ளே போன பின், அவள் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் அம்மா மயங்கிக் கிடக்க, அப்பா அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டு போகிறார். திரும்பிப் பார்க்காமலே போயிருக்கலாம் என்று அவள் எண்ணுவதோடு அந்தப் பகுதி முடிகிறது. அம்மா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "நானும் இப்பிடித்தான் விழுந்த. அவன் பாக்கல்ல" என்றார். அண்ணன் போன நாளைப் பற்றி அதற்கு முன்னர் அம்மா எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அன்று இரவு அண்ணன் தொலைபேசியில் அழைத்தபோது, அம்மா அவரோடு வழக்கத்தைவிட நீண்ட நேரம் பேசினார். நான் வெளியே போய் நின்றேன்.

வீட்டில் பேசப்படாத காலத்தைக் கேட்பது எப்படி என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த நூல் ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்'. போலந்து நாட்டு யூதரான அவருடைய தந்தை விளாடெக் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பியவர். நியூயோர்க்கில் அவர் வீட்டுக்குப் போய், மகன் கேள்வி கேட்டு ஒலிப்பதிவு செய்து அதையே கதையாக வரைகிறார். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் வரையப்பட்டிருக்கும் இந்நூலின் முதற்பாகம் 1986ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 1991ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1992ஆம் ஆண்டில் இதற்கு புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. பொதுவாக இந்த எலி, பூனை உருவகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தந்தையின் இன்றைய நாட்களை ஸ்பீகல்மேன் வரைந்திருக்கும் விதம். விளாடெக் உடற்பயிற்சிச் சைக்கிளில் மிதித்தபடியே முகாம் கதையைச் சொல்கிறார். தெருவில் கிடக்கும் தொலைபேசிக் கம்பியை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார். பாதி சாப்பிட்ட உணவுப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முயல்கிறார். மாத்திரைகளை எண்ணுகிறார். மகனுக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலையும் மறைக்காமல் வரைகிறார். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு இன்றைக்கும் கதவருகில் தொங்கவிட்டிருக்கும் வீடுகள், மெழுகுதிரித் துண்டுகளை எறியாமல் தகரப் பேணியில் சேர்க்கும் வீடுகள், நம் பகுதியில் எத்தனை இருக்கின்றன! எங்கள் வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது. மவுஸ் வாசித்த பிறகு, அதை எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்வதை நான் நிறுத்திக்கொண்டேன். இந்நூலின் கடைசிப் பக்கத்தில் விளாடெக் மகனை அழைக்கும் பெயரைப் பற்றி இங்கே சொல்லமாட்டேன். இரண்டு பாகங்களையும் வாசித்து அந்த இடத்துக்கு நீங்களே வந்து சேர வேண்டும்.

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவுக்குப் புதியவர்கள், புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பதை முதலில் பழக வேண்டும். அறபு வாசிக்கத் தெரிந்த என் காத்தான்குடித் தோழிக்கு அது ஒரு நிமிடத்தில் பிடிபட்டது; எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மங்கா என்றாலே கூரிய தலைமுடியும் வாள்சண்டையும்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் ஹிரோஷிமாவைப் பற்றிய இரண்டு ஆசிரியர்களைக் காட்டுகிறேன். முதலாமவர் கெய்ஜி நகாசாவா. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்தபோது அவருக்கு 6 வயது. பள்ளிக்கூட மதிலின் மறைவில் நின்றதால் பிழைத்தார், தந்தையும் அக்காவும் தம்பியும் இறந்தார்கள். 1966ஆம் ஆண்டில் தாய் இறந்து தகனம் செய்தபோது, கதிர்வீச்சால் எலும்பும் மிஞ்சாமல் சாம்பல் மட்டுமே இருந்ததைக் கண்ட கோபத்தில்தான் அவர் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973ஆம் ஆண்டில் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கிய அவருடைய 'பேர்ஃபுட் ஜென்' 10 பாகங்கள் கொண்டது. அது கத்திக்கொண்டே எழுதப்பட்ட நூல். அதன் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் நூலாக எவருக்கும் கொடுப்பதில்லை.

நான் கொடுப்பது ஃபுமியோ கோனோவின் நூல்களை. 1968ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவில் பிறந்தவர் கோனோ. குண்டு விழுந்து 23 வருடங்களுக்குப் பின் வந்த தலைமுறை. சுமார் 100 பக்கங்களே உள்ள 'டவுன் ஒஃப் ஈவ்னிங் காம்' என்ற அவருடைய சிறு நூலில், குண்டு விழுந்து 10 வருடங்களின் பின் ஒரு இளம் பெண் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள், செருப்புத் தேயக்கூடாதென்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள், ஒருவன் தன்னை விரும்புவதை அறிந்தும், செத்துப்போனவர்கள் அவ்வளவு பேர் இருக்கத் தான் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கலாமா என்று தயங்குகிறாள். அவள் நோயுற்றுப் பார்வை மங்கும்போது கட்டங்களில் படம் இல்லாமல் போய், வெற்றுக் கட்டங்களில் அவளுடைய எண்ணங்கள் மட்டும் தொடர்கின்றன. அந்த வெள்ளைப் பக்கத்தை நான் முதன்முதலில் திருப்பிய இரவில், 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் நான் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது: "அவங்க போக, நான் ஏன் இருக்கன்?" அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்ல முற்படாமல், அதன் அருகே அமைதியாக உட்கார்ந்திருக்கும் நூல் இது.

கோனோவின் பெரிய நூலான 'இன் திஸ் கோர்னர் ஒஃப் த வேர்ல்ட்' 2007ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை தொடராக வந்தது. கடற்படைத் தளம் இருந்த குரே என்ற துறைமுக நகரத்துக்கு மணமாகிப் போகும் சுசு என்ற பெண்ணின் போர்க்காலக் குடும்ப வாழ்க்கை அது. பங்கீட்டு அரிசி குறையக் குறைய வயல்வரம்பில் முளைத்த கீரைகளையும் பூக்களையும் எப்படிச் சமைத்தார்கள் என்பது சமையற் குறிப்பாகவே வரையப்பட்டிருக்கிறது. அரிசியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அளவு பார்த்தே வாவிக்கு அப்பால் கொண்டுபோக முடிந்த போர்க்காலத்தில் வாழ்ந்த படுவான்கரைப் பெண்கள் இந்தப் பக்கங்களை வாசித்தால் தாங்கள் செய்த சமையலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்; ஒருவர் என்னிடம் அப்படித்தான் பேசினார். சுசுவுக்குப் படம் வரைவதென்றால் உயிர். ஒரு குண்டுவெடிப்பில் அவள் வலக்கையை இழக்கிறாள். அந்த இடத்துக்குப் பின், கதையின் பின்னணிக் காட்சிகளைக் கோனோ தன் இடக்கையால் வரைந்திருக்கிறார். வீடும் மலையும் சற்றே கோணலாகிப் போகின்றன. காரணம் தெரியாமல் வாசித்தாலும் உலகம் சாய்ந்துவிட்டது என்பதை உடம்பு உணர்ந்துகொள்ளும். எழுத்தால் மட்டும் கதை சொல்பவர் எவரும் இதைச் செய்ய முடியாது.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து மனமுடைந்திருக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் கையில் எடுத்துக்கொண்டு போவது ஹிரோமு அரகாவாவின் 'சில்வர் ஸ்பூன்'. 2011ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை வெளிவந்து 15 பாகங்களில் முடிந்த தொடர். அரகாவா ஹொக்கைடோவில் பாற்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, ஓவியராவதற்கு முன் ஏழு வருடங்கள் அந்தப் பண்ணையில் வேலை செய்தவர். படிப்புப் போட்டியில் களைத்து, தந்தையின் முகத்தைப் பார்க்கவே விரும்பாமல், வீட்டை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதற்காகவே விவசாயப் பாடசாலை ஒன்றில் சேரும் ஹச்சிக்கென் என்ற பையன்தான் நாயகன். அங்குள்ள மற்றப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் புள்ளி குறைவு. ஆனால் ஒரு பசுவைப் பார்த்தவுடன் அதற்கு என்ன நோய் என்று சொல்வார்கள். முதற்பாகத்திலேயே முட்டை கோழியின் உடம்பில் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதிர்ச்சியடையும் ஹச்சிக்கென், பின்னர் மெலிந்த பன்றிக்குட்டி ஒன்றுக்குப் பெயர் வைத்து வளர்த்து, அது இறைச்சிக்குப் போகும் நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்று, கடைசியில் அந்த இறைச்சி முழுவதையும் தன் காசு கொடுத்து வாங்குகிறான். தப்பிக்க வழி தேடாத முடிவு அது.

ஆனால் இந்தத் தொடரில் எனக்கு மிக நெருக்கமானது அவனுடைய நண்பன் கொமாபாவின் கதை. கடன் முற்றியதால் கொமாபாவின் பண்ணை மூடப்படுகிறது. மாடுகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றப்படுகின்றன. அவன் பாடசாலையை விட்டு விலகுகிறான். நண்பர்கள் எவராலும் எதையும் மாற்ற முடியவில்லை. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சலுக்கு மாடு கொண்டுபோகும் குடும்பங்களும், போகத்துக்குப் போகம் கடன்பட்டு வயல் விதைக்கும் குடும்பங்களும் உள்ள இந்த மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. சந்தையில் சட்டித் தயிர் வாங்கும்போது அதன் பின்னால் யாருடைய விடிகாலை இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. செங்கலடிப் பக்கமிருந்து என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவன் இந்தப் பதினைந்து பாகங்களையும் இரண்டு மாதத்தில் வாசித்துவிட்டு, தன் தகப்பனாருக்கு ஒவ்வொரு இரவும் கதையைத் தமிழில் சொல்லிக் காட்டினான் என்று அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

வகுப்பில் எவரேனும் கேலிக்கு ஆளாகும் பிள்ளை இருந்தால், யோஷிதோகி ஓய்மாவின் 'எ சைலன்ட் வொய்ஸ்' 7 பாகங்களையும் கேலி செய்யும் பிள்ளைக்குக் கொடுங்கள். செவிப்புலனற்ற சிறுமியைத் துன்புறுத்திய பையன் வளர்ந்த பின் எவரையும் நிமிர்ந்து பார்க்க இயலாதவனாகிறான். அவன் கண்ணுக்கு மற்றவர் முகங்களின் மேல் பெருக்கல் குறி விழுந்திருப்பதாகவே ஓவியர் வரைகிறார். ஒவ்வொரு குறியும் கழன்று விழும் தருணத்துக்காகக் காத்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு கியோஹிகோ அசுமாவின் 'யோட்சுபா' போதும்.

ஒசாமு தெசூகாவின் 'புத்தா'வையும் இந்த நாட்டில் வாழும் தமிழ் வாசகர்கள் வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மருத்துவம் படித்துவிட்டுச் சித்திரக்கதையையே வாழ்க்கையாக்கிக்கொண்ட தெசூகா, 1972ஆம் ஆண்டு முதல் 1983ஆம் ஆண்டு வரை இதை வரைந்தார். பசித்த முதியவருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாத முயல் தானே நெருப்பில் பாய்ந்த கதையுடன் நூல் தொடங்குகிறது. நிலவில் தெரியும் முயலைக் காட்டி நம் அம்மம்மாக்களும் பேசியிருக்கிறார்கள். சிங்கள அயலவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே காட்டுகிறார்கள். அங்கிருந்து தெசூகா அடிமைச் சிறுவன் ஒருவனின் கதைக்குள் போய்விடுகிறார். சித்தார்த்தன் பிறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. சாதி என்ற கொடுமையே கதையின் முதுகெலும்பாக நிற்கிறது. துறவியாக மட்டும் நாம் சிலைகளில் பார்த்துப் பழகிய ஒருவரைச் சந்தேகமும் சோர்வும் உள்ள மனிதராக அருகில் பார்க்க இந்த நூல் உதவியது.

கடைசியாக, கேட்டால் மட்டும் கொடுக்கும் புத்தகங்கள் சில இருக்கின்றன. ஜோ சாக்கோ இதழியல் படித்தவர். செய்தியாளர் எழுத்தால் செய்வதை வரைந்து செய்கிறார். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காசா'வில், 1956ஆம் ஆண்டில் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் நடந்த கொலைகளை நேரில் கண்ட முதியவர்களை அரை நூற்றாண்டுக்குப் பின் தேடித் தேடிக் கேட்கிறார். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார். ஒரே நிகழ்வு வெவ்வேறு வடிவில் நினைவிருக்கிறது. சாக்கோ அந்த முரண்களைச் சரிசெய்து மறைக்காமல், ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே வரைந்து அருகருகே வைக்கிறார். நம் ஊர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்க முற்படும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எவருக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

'வன்னி' 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்து, 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது தானும் வெளியேறிய பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலாக் வரைந்தார். மீன்பிடிக் கிராமம் ஒன்றின் குடும்பத்தைச் சுனாமியிலிருந்து போரின் இறுதி நாட்கள் வரையிலும் அதற்கு அப்பாலும் பின்தொடரும் கதை. கோலம் போட்ட முற்றத்தையும் பிளாஸ்ரிக் கதிரையையும் துவிச்சக்கரவண்டியின் கரியரில் கட்டிய மூட்டையையும் ஒரு கிராபிக் நாவலில் பார்ப்பது எனக்கு அதுவே முதன்முறை. அதனாலேயே பல இடங்களில் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. இதைக் கொடுக்கும்போது, தனியாக இரவில் வாசிக்காதீர்கள், பகலில் வீட்டில் யாரேனும் இருக்கும்போது வாசியுங்கள் என்று சொல்கிறேன். சிலர் வாசிக்காமலே திருப்பித் தந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் காரணம் கேட்பதில்லை. கிழக்கின் கதையை, 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலிருந்து தொடங்கி, வாவியின் இரு கரைகளிலும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்த கதையை, நம்மில் யாராவது இப்படி வரைய வேண்டும் என்பது என் தீராத ஆசை. 'சிரித்திரன்' நகைச்சுவை இதழில் ஓவியர் சுந்தரின் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித் தம்பரைப் பார்த்துச் சிரித்த தலைமுறை நம்முடையது. நம் பேச்சும் நம் முகங்களும் கோடுகளுக்குள் அடங்கும் என்பதை அவர் அப்போதே காட்டிவிட்டார்.

புத்தகம் கிடைப்பது இங்கே எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்த பிறகு இறக்குமதிப் புத்தகங்களின் விலை கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஒரு தொடரை ஒருவரே வாங்காமல், நான்கு நண்பர்கள் ஆளுக்குச் சில பாகங்களாக வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். சில்வர் ஸ்பூனை நாங்கள் அப்படித்தான் சேர்த்தோம். மங்கா வாங்கும்போது பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதுக் குறிப்பைப் பாருங்கள், அட்டைப்படத்தின் அழகை நம்பிப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். தமிழில் கிடைப்பவற்றை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் அவை மட்டுமே வீட்டில் எல்லோர் கைக்கும் போகும்.

என் அலுமாரியில் இப்போது மவுஸ் முதற்பாகம் இருக்கிறது. இரண்டாம் பாகம் வெல்லாவெளியில் ஒரு வீட்டில் இருக்கிறது, அங்குள்ள தகப்பனும் மகளும் சேர்ந்து வாசிப்பதாகச் சொன்னார்கள், அவசரப்படுத்த மனம் வரவில்லை. கோனோவின் சிறு நூல் ஆரையம்பதிக்குப் போயிருக்கிறது. 'ஈரான்' அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது வேண்டுமென்பவர்கள் அம்மாவிடமே நேரில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.